குடியை நிறுத்த எந்தக் கூட்டத்துக்குப் போவது?

குடியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பலர் அடுத்ததாகத் தேடுவது, தங்களைப் போலவே குடித்து இப்போது குடிக்காமல் இருப்பவர்கள் கூடும் இடத்தைத்தான். தேடினால் ஒரு பெயரோடு நிற்பதில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஸ்மார்ட் ரெக்கவரி, லைஃப்ரிங், விமன் ஃபார் சொப்ரைட்டி, ரெக்கவரி தர்மா என்று வரிசையாக வருகின்றன. ஒன்றில் கடவுள் பேச்சு வருகிறது, இன்னொன்றில் அந்தப் பேச்சே கிடையாது. ஓரிடத்தில் ‘நான் குடிநோயாளி’ என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறார்கள், வேறோர் இடத்தில் அந்தப் பட்டம் எதற்கு என்கிறார்கள். எது நமக்குச் சரிப்படும் என்று யோசித்தே இரண்டு மாதத்தைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு மாதமும் குடி பாட்டுக்குக் குடி நடந்துகொண்டிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைப்பின் பெயரை வைத்து முடிவெடுப்பதைவிட, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை வைத்து முடிவெடுப்பது நல்லது. ஒரே அமைப்பு நடத்தும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், சில நேரம் இரண்டு அமைப்புகளுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு அமைப்பும் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், முதல் நாளே மிரண்டு எழுந்து வந்துவிடாமல் இருக்கலாம்.

கூட்டத்துக்கு முன்னால் மருத்துவர்

தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், நடுக்கத்தை அடக்கவே ஒரு வாய் குடிக்க வேண்டியிருக்கிறவர்: இவர்கள் கூட்டம் தேடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று மதுவை நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே வியர்வை, நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதுமான கடுமையான நிலை இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் தலைகாட்டலாம். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவக் கண்காணிப்பில் மருந்தோடு இறக்கிக்கொண்டுவந்தால் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகத் தாண்டிவிடலாம். கூட்டத்தில் இருப்பவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் இந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது.

நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் போன்ற மருந்துகள் சிலருக்குக் குடிக்காமல் இருக்கக் கை கொடுக்கின்றன. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே எந்தக் கூட்டத்துக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் இன்னொரு குடிகாரர்?

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சுமார் ஐந்து மாதமாகியிருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. குடிக்காமல் இருப்பதற்குத் தனக்கு இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று அவருக்குப் பட்டது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரின் வீட்டாரை அறிந்த ஒரு பெண்மணி கிடைத்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். இதற்கு முன் அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். வில்சன் அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதன் பிறகும் டாக்டர் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, உதவி தேவைப்பட்டுப் போனவர் வில்சன் என்பது. பேசியவருக்கும் கேட்டவருக்கும் ஒரே நேரத்தில் பலன் கிடைத்தது. பின்னால் வந்த எந்த அமைப்பும், கடவுள் உண்டோ இல்லையோ, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடவில்லை.

ஏ.ஏ.: எங்கும் இருப்பதே அதன் பெரிய பலம்

ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. கூட்டத்தில் சுற்றிவரும் உண்டியலில் உறுப்பினர்கள் போடுவதை வைத்தே நடக்கிறது. புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை.

கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. நடத்துகிறவரும் ஒரு குடிநோயாளிதான். ஏ.ஏ. என்றால் என்ன என்பதை ஒரு பத்தி வாசிப்பார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்து வைத்திருக்கும் 12 படிகளை யாராவது வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். ‘என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி’ என்பார் ஒருவர், எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். அவர் மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ பேசி முடித்ததும் அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார். முன்னால் பேசியவருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், திருத்த மாட்டார்கள், யோசனை சொல்ல மாட்டார்கள். முதல்முறை போகிறவருக்கு இது விசித்திரமாக இருக்கும். ‘நான் மனதைக் கொட்டினேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால், எத்தனையோ வருடம் வீட்டிலும் வேலையிலும் கேள்விக்கும் குத்தலுக்கும் பதில் சொல்லியே களைத்துப்போனவருக்கு, யாரும் குறுக்கிடாத அந்த மூன்று நிமிடம் பெரிய விஷயம்.

ஏ.ஏ.யில் எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி இருக்காது. திறந்த கூட்டம் என்றால் யாரும் வரலாம்: மனைவி, அண்ணன், மாணவர், சும்மா தெரிந்துகொள்ள வந்தவர். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஒருவரே நீளமாகத் தன் கதையைச் சொல்லும் பேச்சாளர் கூட்டம் உண்டு. ஒரு படியை எடுத்துக்கொண்டு அலசும் கூட்டம் உண்டு. புதியவர்களுக்கென்றே நடக்கும் கூட்டமும் உண்டு. ‘எனக்கு நோய் இருக்கிறதா என்றே தெரியவில்லை’ என்ற நிலையில் இருப்பவர் பேச்சாளர் நடத்தும் திறந்த கூட்டத்துக்கு முதலில் போவது நல்லது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசச் சொன்னாலும் ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் போதும், விட்டுவிடுவார்கள்.

இந்த அமைப்பில் மற்றவற்றில் அவ்வளவாகக் கிடைக்காத ஒன்று ஸ்பான்சர். நம்மைவிடச் சில வருடம் கூடுதலாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர், படிகளைத் தானே செய்து முடித்தவர், நம்மைக் கைப்பிடித்து அழைத்துப் போவார். இரவு பதினொரு மணிக்கு மனம் அலைபாயும்போது கூப்பிட ஓர் எண் இருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். அந்த நேரத்தில் சிகிச்சை நிலையம் மூடியிருக்கும்.

இடிக்கிற இடங்களையும் மறைக்கக் கூடாது. முதல் படியே, மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. அதற்கடுத்த படிகளில் நம்மை மீறிய ஒரு சக்தியும் கடவுளும் வருகிறார்கள். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று விளக்கம் தருகிறார்கள். குழுவையே அந்தச் சக்தியாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்களும் இருக்கிறார்கள், மதச்சார்பற்ற ஏ.ஏ. குழுக்களும் பல நாடுகளில் இயங்குகின்றன. இருந்தாலும் கூட்டம் பிரார்த்தனையில் முடியும்போது உடம்பு நெளிகிறதென்றால், அதைச் சகித்துக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன.

ஸ்மார்ட் ரெக்கவரி: பேனாவும் காகிதமும்

ஸ்மார்ட் ரெக்கவரி 1994இலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. இதன் வேர் உளவியலில் இருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய சிகிச்சை முறையும், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையும் இதற்கு அடிப்படை. கடவுளும் இல்லை, படிகளும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. வேலை நான்கு திசையில் நடக்கிறது: நிறுத்தும் உந்துதலை உண்டாக்கிக் காப்பாற்றிக்கொள்வது, குடிக்கத் தோன்றும் வேகத்தைச் சமாளிப்பது, எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடத்தையையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கையை அமைத்துக்கொள்வது.

இங்கே நடத்துகிறவர் பயிற்சி பெற்றவர். அவர் முன்னாள் குடிநோயாளியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் இந்த வாரம் எப்படிப் போனது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதிலிருந்து ஒருவருடைய பிரச்சினையை எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் பேசுவார்கள். இங்கே குறுக்கே பேசலாம், கேள்வி கேட்கலாம், ‘நான் இப்படிச் செய்து பார்த்தேன்’ என்று சொல்லலாம்.

எப்படி வேலை நடக்கும் என்று ஒரு கருவியை வைத்துக் காட்டுகிறேன். ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். குடிப்பதால் எனக்குக் கிடைப்பது, குடிப்பதால் நான் இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, நிறுத்தினால் இழப்பது. முதல் கட்டத்தை நேர்மையாக எழுதச் சொல்வார்கள். ‘தூக்கம் வருகிறது’, ‘நாலு பேரோடு கூச்சமில்லாமல் பேச முடிகிறது’, ‘அந்த நினைப்பு வராது’ என்று எழுதுவார்கள். குடியினால் ஒரு நன்மையும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லும்போது, இல்லை, இருக்கிறது, அதனால்தானே விட முடியவில்லை என்று இந்தத் தாள் ஒத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது கொஞ்ச நேரத்துக்கா, நெடுங்காலத்துக்கா என்று குறிக்க வேண்டும். குடியின் நன்மைகள் அநேகமாக எல்லாமே கொஞ்ச நேரத்துக்கு என்று வந்து நிற்கும். நான்காவது கட்டத்தில் எழுதியதுதான் அடுத்த மாத வேலை. ‘சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வது’ என்று அங்கே எழுதியிருந்தால், அந்த ஏழு மணிக்கு ஒரு திட்டம் வேண்டும்.

காரண காரியம் தெரியாமல் எதையும் செய்யப் பிடிக்காதவர்களுக்கும், வீட்டுப்பாடம் செய்யச் சலிக்காதவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே ஒருவர் காலமெல்லாம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. கற்றுக்கொண்டு வெளியேறலாம். என் பார்வையில் இதன் குறை இரண்டு. கூட்டங்களின் எண்ணிக்கை ஏ.ஏ.யோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, வாரத்தில் ஒன்று கிடைப்பதே பல இடங்களில் அதிர்ஷ்டம். அப்புறம், ஒருவரையொருவர் கூட்டத்துக்கு வெளியே தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஸ்பான்சர் முறையளவுக்கு இறுக்கமாக இல்லை. முதல் சில மாதம் தினமும் எங்காவது போய் உட்கார வேண்டியிருக்கிறவருக்கு ஸ்மார்ட் மட்டும் போதாமல் போகலாம். இரண்டுக்கும் போகிறவர்கள் நிறையப் பேர், யாரும் தடுப்பதில்லை.

சிறியவை, வேறுபட்டவை

லைஃப்ரிங் அமெரிக்காவில் தோன்றியது, மதச்சார்பற்றது. முழுமையாகக் குடிக்காமல் இருப்பதுதான் இலக்கு. அதற்கான வழியை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். ‘உங்கள் வாரம் எப்படிப் போனது?’ என்ற கேள்வியைச் சுற்றித்தான் கூட்டமே நடக்கும். பழைய குடிக் கதைகளைவிட வரப்போகும் வாரத்தைப் பற்றிய பேச்சே அதிகம். கடந்ததைக் கிளறினால் குடிக்கத் தோன்றுகிறது என்கிறவர்களுக்கு இது இதமாக இருக்கும்.

விமன் ஃபார் சொப்ரைட்டி பெண்களுக்கு மட்டும். ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளர் 1975இல் தொடங்கினார். சக்தியற்றவள் என்று ஒப்புக்கொள்வதிலிருந்து ஒரு பெண் தொடங்க வேண்டியதில்லை, ஏற்கெனவே அவமானத்தில் குறுகிப்போனவளுக்குத் தன்மதிப்புதான் முதல் மருந்து என்பது அவர் எண்ணம். 13 உறுதிமொழிகள் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் இருக்கும் அறையில் வன்முறையைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றிய குற்ற உணர்வைப் பற்றியும் பேச நா எழாத பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஏ.ஏ.யிலும் பெண்கள் மட்டும் கூடும் கூட்டங்கள் உண்டு.

2019இல் உருவான ரெக்கவரி தர்மா பௌத்த வழியில் தியானத்தை மையமாக வைத்தது. எல்லா விதமான அடிமைப் பழக்கத்துக்கும் ஒரே கூட்டம்.

அதிகம் பேசப்படாத இரண்டு அமைப்புகளைச் சொல்ல ஆசை, ஏனென்றால் அவை முற்றிலும் வேறு கோணத்தில் யோசித்தவை. குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரில் மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுதோலின் 1964இல் தொடங்கிய மன்றங்களில் குடிப்பவர் தனியாக வருவதில்லை, குடும்பமே வருகிறது. பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தால் மன்றம் இரண்டாகப் பிரிந்துவிடும். அங்கிருந்து இது இத்தாலியில் பெரிதாகப் பரவியது. ஜப்பானின் தான்ஷுகாய் அமைப்பிலும் வாழ்க்கைத்துணை கூடவே வந்து உட்கார்ந்து பேசுவார். ஏ.ஏ.யைப் போலப் பெயரை மறைக்கும் வழக்கமும் அங்கே இல்லை. பெயர் தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலருக்கு அந்த மறைப்பே, வீட்டில் தொடர்ந்து பொய் சொல்ல இன்னொரு வசதியாகிவிடும். வீட்டாரும் சேர்ந்து மாறினால்தான் நிற்கும் என்று தோன்றுகிற குடும்பங்களுக்கு இந்த மாதிரிக் கூட்டம் கிடைத்தால் விடக் கூடாது.

கிடைக்காவிட்டால், வீட்டாருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சனும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து அமைத்தது. குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அவரோடு வாழ்கிறவர் போகலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன்.

அளவாகக் குடிக்கப் பழகுவதற்கென்று மாடரேஷன் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பும் 1994இலிருந்து இருக்கிறது. பிரச்சினை முற்றாதவர்களை மனதில் வைத்து உண்டானது அது. கை நடுக்கமும் நினைவு தப்புவதும் வந்துவிட்டவர் ‘அளவாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட திறனாய்வு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டிப் பார்த்தது. ஏ.ஏ.யும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சையும் பெற்றவர்களில் ஓர் ஆண்டுக்குப் பிறகு சுமார் 42 சதவீதம் பேர் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை போன்ற வேறு சிகிச்சைகளில் அது சுமார் 35 சதவீதம். ‘ஏ.ஏ. வெறும் பஜனை’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஒரு வருடத்தில் முழுமையாக நிற்கவில்லை என்பதையும் அதே எண்களில் பார்க்கலாம்.

மற்ற அமைப்புகளைப் பற்றி இவ்வளவு ஆய்வு நடக்கவில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 600க்கும் மேற்பட்டவர்களை ஓர் ஆண்டு பின்தொடர்ந்து, ஏ.ஏ. போன்ற 12 படிக் குழுக்களையும் லைஃப்ரிங், ஸ்மார்ட், விமன் ஃபார் சொப்ரைட்டி ஆகியவற்றையும் ஒப்பிட்டது. எந்தக் குழுவாக இருந்தாலும், அதில் எவ்வளவு ஈடுபட்டார்களோ அவ்வளவு பலன். தொடக்கத்தில் தெரிந்த சில வேறுபாடுகள், ‘முழுமையாக நிறுத்த வேண்டும்’ என்ற இலக்கு யாருக்கு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

ஈடுபாடு என்பது சும்மா வந்துபோவது ஆகாது. ஓர் எண்ணை வாங்கிக் கூப்பிடுவது, நாற்காலி அடுக்குவது, வாசலில் நின்று புதியவரை வரவேற்பது, பகிர்வது எல்லாம் சேர்ந்தது. பலன் எந்த வழியில் வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் முக்கியமாகக் கண்ட ஒன்று நட்பு வட்டம். குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். அறையில் இருக்கும் ஆட்களைப் பாருங்கள் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

நேரிலா, திரையிலா?

இணையவழிக் கூட்டங்கள் இப்போது நாள் முழுக்க நடக்கின்றன. நடுராத்திரியில் தூக்கம் வராமல் தவிக்கும்போது உலகின் வேறு மூலையில் யாரோ கூட்டம் நடத்திக்கொண்டிருப்பார்கள். உடல்நலம் முடியாதவர், சின்னக் குழந்தை வைத்திருப்பவர், தன் மொழி பேசும் கூட்டம் பக்கத்தில் இல்லாதவர், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயப்படுபவர் என எல்லோருக்கும் இது உண்மையான உதவி. மொழி சாதாரண விஷயம் இல்லை. அவமானத்தைத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் அது முழுசாக வெளியே வருகிறது.

ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, ஒலியையும் அணைத்துவிட்டு, கையில் கோப்பையோடு கூட்டத்தில் இருக்க முடியும். நேரில் போனால் நாற்றமும் தள்ளாட்டமும் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நிற்கும் பத்து நிமிடம் திரையில் கிடைப்பதில்லை. எண்கள் கைமாறுவதும், ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்றாவது வாரம் அடங்கிவிடும்’ என்று ஒருவர் தோளைத் தொட்டுச் சொல்வதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். என் பரிந்துரை, முதல் கூட்டம் திரையில் இருந்தால் தப்பில்லை. ஆனால் போக முடிகிற தூரத்தில் நேர்க்கூட்டம் ஒன்று இருந்தால், வாரம் ஒன்றாவது அதில் போய் உட்காருங்கள். கிளம்பும் முன் அங்குள்ள தொடர்பு எண்ணைக் கூப்பிட்டு, கூட்டம் இன்னும் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பட்டியலில் இருக்கும் கூட்டம் இடம் மாறியிருக்கலாம், நேரம் மாறியிருக்கலாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வழியில் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அறையில் எதைப் பார்க்க வேண்டும்

உள்ளே போனதும் பாருங்கள், புதிதாக வந்தவரை யாராவது கவனிக்கிறார்களா? நீண்ட நாள் குடிக்காமல் இருப்பவர்களும் நேற்று நிறுத்தியவர்களும் கலந்திருக்கிறார்களா? எல்லோரும் ஒரு வாரக்காரர்களாக இருந்தால் பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லை. எல்லோரும் இருபது வருடக்காரர்களாக இருந்தால் முதல் வாரத்தின் வேதனை அங்கே மறந்துபோயிருக்கலாம். பேச்சில் உண்மை இருக்கிறதா, அல்லது ஒரே ஆள் ஒவ்வொரு வாரமும் பிரசங்கம் செய்கிறாரா? யாராவது அழுதால் அறை தாங்குகிறதா?

சில விஷயங்களைப் பார்த்தால் யோசிக்காமல் வேறு கூட்டம் தேடலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது முதலாவது. ஏ.ஏ. அமைப்பே, உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவரிடம் ‘அதுவும் போதைதான்’ என்று யாராவது சொன்னால், சொன்னவர் எத்தனை வருடக்காரராக இருந்தாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தனிப்பட்ட முறையில் கடன் கேட்பது, இன்னொருவர் பகிர்ந்ததை வெளியே பேசுவது, வேறு எங்கும் போகக் கூடாது என்று கட்டுப்படுத்துவது எல்லாம் இதே கணக்கில் வரும். புதிதாக வந்து மனம் உடைந்திருப்பவரிடம் பழைய உறுப்பினர் காதல் பேச்சை எடுப்பதும் நடக்கிற ஒன்றுதான். குறிப்பாகப் பெண்கள் ஸ்பான்சராகப் பெண்ணையே தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு பக்கம், சில விஷயங்கள் பிடிக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கைதட்டுவது, குடிக்காமல் ஒரு மாதம் ஆனவருக்கு நினைவுப் பதக்கம் கொடுத்துக் கொண்டாடுவது, படிப்பிலும் தொழிலிலும் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் இருப்பது. ‘நான் இவர்களைப் போல இல்லை’ என்ற எண்ணம் முதல் கூட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. அந்த எண்ணத்தை மட்டும் வைத்து வெளியேறாதீர்கள். அவர்கள் குடித்த விதத்தைக் கேளுங்கள். ஒளித்துவைத்தது, எண்ணிக்கையில் பொய் சொன்னது, நாளையிலிருந்து என்று ஒவ்வொரு இரவும் சத்தியம் செய்தது என்று வரும்போது சம்பந்தம் தானாகத் தெரியும்.

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து ஓர் அமைப்பை எடைபோட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு ஏ.ஏ. திறந்த கூட்டம், ஒரு மூடிய கூட்டம், கிடைத்தால் ஸ்மார்ட் ஒன்று, திரையில் வேறு ஏதாவது ஒன்று என்று பாருங்கள். அவற்றில் எங்கே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றியதோ, அந்த அறைக்குத் தொடர்ந்து ஆறேழு முறை போங்கள். முகம் பழகாமல் எண் கேட்க முடியாது, எண் இல்லாமல் பதினொரு மணிக்குக் கூப்பிட முடியாது. ஆரம்பிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள், முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். இரண்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஒருவரைக் கூப்பிட்டு, ‘சும்மாதான், எண் சரியா என்று பார்த்தேன்’ என்று சொல்லிவையுங்கள். பேசாத எண்ணை நெருக்கடியில் கை தேடாது.

நடுவில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் பலர் கூட்டத்தை விடுவது அந்த இடத்தில்தான். ஏ.ஏ.யில் குடிக்காத நாள்களை எண்ணும் வழக்கம் இருப்பதால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதை எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் சொன்னவரைத்தான் கூட்டம் முடிந்ததும் முதலில் சூழ்ந்துகொள்வார்கள். ஸ்மார்ட்டில் எண்ணிக்கையை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதனால் என்ன செய்தேன் என்று தாளில் எழுதி அலசுவார்கள். எண்ணிக்கை உடைந்ததும் மொத்தமாக விட்டுவிடும் சுபாவம் உள்ளவருக்கு இரண்டாவது முறை உதவும். எண்ணிக்கையே வேலியாக நிற்கிறவருக்கு முதல் முறை உதவும். அன்று குடித்திருந்தால் பேசாமல் கேட்க மட்டும் செய்யுங்கள் என்று பல குழுக்கள் சொல்லும், வராதே என்று சொல்வதில்லை. அதனால் சறுக்கிய மறுநாள் எந்தக் கூட்டம் பக்கத்தில் இருக்கிறதோ, அமைப்பு எதுவாக இருந்தாலும், அதற்குப் போய் உட்காருங்கள். நடுக்கமும் வியர்வையும் மீண்டும் தொடங்கியிருந்தால் மட்டும் கூட்டத்துக்கு முன் மருத்துவமனை.